ஞானதாஸ் கழற்றிய நட்டு

திண்டுக்கல்லில் சுருட்டுக் கம்பெனிகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஞானதாஸ் அவற்றில் ஒன்றில் முதல் வரிசையில் உட்கார்ந்து சுருட்டுச் சுற்றினான். முதல் வரிசை எல்லோருக்கும் கிடைத்துவிடாது. கப்பலேறிப் போகும் பெட்டிகளுக்கான சரக்கு அங்கேதான் தயாராகும். வேடசந்தூர்ப் பக்கமிருந்து வரும் இலையை ஈரம் பார்த்து எடுத்து, நரம்பை உரித்து, உள்சரக்கை வைத்து உருட்டி, மேல் இலையைச் சாய்வாகச் சுற்றி, நுனியில் பசை தொட்டு ஒட்டிவிட்டால் ஒரு சுருட்டு. பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். உள்ளே இறுக்கம் கூடிவிட்டால் புகை வராது. குறைந்துவிட்டால் பாதியிலேயே கருகி அணைந்துபோகும். அந்த இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று ஞானதாசுக்குச் சொன்னவை அவனுடைய வலக்கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான். மனைவி சவேரியம்மாளோடு பேசிக்கொண்டே சாப்பிடும்போதுகூட அந்த இரண்டு விரலும் சோற்றை உருட்டிக்கொண்டிருக்கும். அவள் சிரிப்பாள்.

ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு துரை ஊரைவிட்டுப் போகும்போது வீட்டுச் சாமானை எல்லாம் ஏலம் விட்டார். அதில் ஞானதாஸ் ஒரு ஈசிசேரை எடுத்து வந்தான். மலைக்குப் பின்னால் இருந்த அவர்கள் சந்தில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. தேக்குச் சட்டம், கித்தான் துணி, பக்கத்துக்கு ஒரு போல்ட்டு. அந்தப் போல்ட்டில்தான் இரண்டு சட்டமும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியும். வாங்கிய சில வருஷத்தில் இடது பக்கத்து நட்டு எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. ஞானதாஸ் ஒரு ஆணியைச் செருகி வளைத்துவிட்டான். சவேரியம்மாள் அதைப் பார்க்கும்போதெல்லாம் கடையில் ஒரு நட்டு வாங்கிப் போடச் சொன்னாள். அவனும் ஒவ்வொரு தடவையும் சரி சரி என்றான்.

ஐம்பத்தாறாம் வருஷம் குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து வந்தவன், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈசிசேரில் சாய்ந்தான். சரியாகச் சாயவில்லை என்று ஓரத்தைப் பிடித்து எக்கி உட்கார்ந்தபோது ஆணி பிடுங்கிக்கொண்டது. சட்டம் இரண்டும் சேர்ந்து மூடின. வலக்கை நடுவே இருந்தது. அவன் பாரம் முழுவதும் அதன்மேல். சவேரியம்மாளும் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியும் சேர்ந்துதான் சட்டத்தைப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முதல் கணுவோடு எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறி அவன் கம்பெனிக்குப் போனான். மேஸ்திரி சோலைமுத்து நல்ல மனுஷன். முதல் வரிசையில் அவன் பலகையைக் காலியாகவே வைத்திருந்தார். ஞானதாஸ் உட்கார்ந்து ஒரு சுருட்டு சுற்றினான். பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. சோலைமுத்து அதைப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தார், அணைத்து வைத்தார். இன்னொன்று சுற்றச் சொன்னார். அதையும் அணைத்து வைத்தார். மறுநாளிலிருந்து பெண்களோடு உட்கார்ந்து நரம்பு உரிக்கிற வேலை கொடுத்தார்கள். அதிலும் அவன் கை மற்றவர்களுக்கு ஈடுகொடுக்கவில்லை. மழைக்காலம் வந்து இலைவரத்துக் குறைந்தபோது, அடுத்த சரக்கு வந்தால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். சொல்லி அனுப்பவில்லை.

ஈசிசேரைச் சவேரியம்மாள் ஒரே நாளில் உடைத்து அடுப்புக்குப் போட்டாள். ஞானதாஸ் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் கண் வேறு மாதிரி ஆகிவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவின் கீலைப் பார்ப்பான். நாற்காலியில் உட்காரச் சொன்னால் குனிந்து அதன் கால்களையும் மூட்டுகளையும் பார்த்துவிட்டு உட்காருவான். முத்துப்பேச்சியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, தொட்டில் மாட்டியிருந்த கொக்கி தேய்ந்து நூல் கனத்தில் நின்றுகொண்டிருந்தது. ஞானதாஸ் குழந்தையை எடுக்கச் சொல்லி, கொக்கியை மாற்றிக் கொடுத்தான். முத்துப்பேச்சி அதைத் தெரு முழுக்கச் சொன்னாள்.

அப்படித்தான் அந்த வேலை வந்து சேர்ந்தது. தச்சனைக் கூப்பிடும் அளவுக்குப் பெரிய பழுதும் இல்லாமல், அப்படியே விட்டுவிடவும் முடியாமல் வீட்டுக்கு வீடு ஏதாவது ஒன்று இருக்கும். பீரோக் கதவு தொங்கித் தரையை உரசும். மேசை டிராயர் பாதியில் சிக்கிக்கொள்ளும். மடக்குக் கட்டில் விரிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஞானதாஸ் ஒரு துணிப்பையில் திருப்புளி, ஸ்பானர், குறடு, ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி, மண்ணெண்ணெய் நனைத்த துணி எல்லாம் வைத்துக்கொண்டு போவான். மாதாகோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கேட்டு வாங்கிய மெழுகுவத்தித் துண்டுகளை டிராயரின் ஓரத்தில் தேய்ப்பான். தொட்டால் தானாக ஓடும். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், பிசுக்காகி அழுக்கைச் சேர்க்கும் என்று பெண்களிடம் சொல்வான். ஸ்பானரை இடக்கையில் பிடிக்கப் பழகியிருந்தான். கொடுத்ததை வாங்கிக்கொண்டான். அவனை யாரும் முன்போல நினைக்கவில்லைதான், ஆனாலும் ஒரு வீட்டுப் படியேறினால் வா என்றார்கள். அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

பேகம்பூரில் கிதர் முகம்மது என்று ஒருவர் இருந்தார். தோல் பதனிடும் தோல்ஷாப்பு வைத்திருந்தார். அவருடைய தாயார் ஜெய்தூன் பீவிதான் அந்த வீட்டுக்கு எல்லாம். கனத்த உடம்பு. முழங்கால் வலியால் அதிகம் நடமாட மாட்டார். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே அடுப்படி முதல் வாசல் வரை அதிகாரம் செய்வார். முதல் தடவை ஞானதாஸ் போய் பீரோவின் கீலை இறக்கிக்கொண்டிருந்தபோது, கையைக் காட்டச் சொன்னார். அவன் தயங்கினான். எல்லோரும் அந்தக் கையைப் பார்க்காத மாதிரி பேசுவார்கள். அவனும் அதற்குப் பழகியிருந்தான். அந்தம்மா கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். குளிர்காலத்தில், இல்லாமல்போன விரல்நுனி குத்துகிறது என்று அவன் சொன்னான். இதுவரை சவேரியம்மாளிடம்கூட அதைச் சொன்னதில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது. சில சமயம் வேலை இல்லாமலும் கூப்பிட்டு அனுப்பினார். அவன் ஏதாவது ஒரு தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பான். அந்தம்மா பினாங்கில் இருக்கும் தம்பியைப் பற்றியோ, மருமகள் ஆரிபா வைக்கும் ஆணத்தில் உப்புக் கூடுவதைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார். ஆரிபா சிரித்துக்கொண்டே தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள்.

ஒருநாள் ஊஞ்சல் கிரீச்சென்று கத்துகிறது, மத்தியானம் கண்ணசர முடியவில்லை என்றார். ஞானதாஸ் ஏணி போட்டு ஏறி, சங்கிலியின் கொக்கிக்கும் வளையத்துக்கும் எண்ணெய் விட்டான். சத்தம் நின்றுவிட்டது. அதோடு இறங்கியிருக்கலாம். அவன் மனசு கேட்கவில்லை. வளையத்தின் போல்ட்டு உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு மேலே மச்சுக்குப் போயிருந்தது. மச்சில் ஏறி, தூசியையும் எலிப்புழுக்கையையும் தள்ளிவிட்டுப் பார்த்தான். இரண்டு போல்ட்டின் தலையிலும் நட்டுத் துருப்பிடித்து, எது நட்டு எது போல்ட்டு என்று தெரியாமல் ஒன்றாகக் கிடந்தது. இதை இப்படியே விட்டுவிட்டுப் போவதா என்று தோன்றியது. தன்னிடம் நல்லபடியாக நடந்துகொண்ட அந்த மனுஷிக்கு ஒரு குறையும் இல்லாமல் செய்துகொடுக்க வேண்டும் என்றிருந்தது.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துவிட்டு மறுநாள் வந்தான். தட்டித் தட்டி நட்டு இரண்டையும் கழற்றினான். மரையெல்லாம் கம்பித் தூரிகையால் தேய்த்தான், எண்ணெய் தடவினான். புதுசு மாதிரி ஆகிவிட்டது. திரும்பப் போட்டு முறுக்கினான். முதல் நட்டு நன்றாகவே இறுகியது. இரண்டாவது சுவரை ஒட்டி இருந்தது. இடக்கையை நீட்டி அழுத்த இடமில்லை. வலக்கைக்கு மாற்றிப் பிடித்தான். கடைசியில் கொடுக்கிற அரை முறுக்கு இருக்கிறதே, அப்போது ஸ்பானர் அவன் பிடியிலிருந்து வழுக்கியது. மறுபடி பிடித்தான், மறுபடி வழுக்கியது. கையால் தொட்டு ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. போதுமா, இன்னும் வேண்டுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டிய விரல்கள் அவனிடம் இல்லை.

தெருமுனையில் லாரி ஒர்க்ஷாப்பில் பெரியகருப்பன் என்று ஒரு ஃபிட்டர் இருந்தான். கூப்பிட்டால் வந்து ஒரே ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் போய்விடுவான். ஞானதாஸ் அதை நினைத்தான். மச்சில் உட்கார்ந்து செத்த நேரம் நினைத்துக்கொண்டேயிருந்தான். கீழேயிருந்து கிதர் முகம்மதுவின் குரல் கேட்டது.

"ஞானதாசு, ஆச்சா?"

"ஆச்சு பாய்," என்றான்.

இறங்கி வந்து கை கழுவினான். ஜெய்தூன் பீவி ஊஞ்சலில் உட்கார்ந்து காலால் ஒரு உந்து உந்தினார். ஒரு சத்தம் இல்லை. அவனைப் பார்த்துச் சிரித்தார். அவனும் சிரித்தான்.

கொஞ்ச நாள் அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு போனான். பிறகு மறந்துபோனான்.

ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, தாடிக்கொம்பை அடுத்த அகரத்தில் ஒரு பூந்தோட்டக்காரர் வீட்டில் மரப்பெட்டிக்குக் கீல் போட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு தூரம் சைக்கிளில் வந்த தோல்ஷாப்பு ஆள் ஒருவன் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னான். ஊஞ்சல் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது, பெரியம்மா விழுந்துவிட்டார்கள். ஞானதாஸ் பையைக்கூட எடுக்காமல் பஸ் ஏறினான்.

அவன் போனபோது அந்தம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். கூடத்தில் பலகை ஒரு பக்கம் தரையில் கிடந்தது. ஒரு சங்கிலி மட்டும் நின்றது. பெரியகருப்பன் மச்சிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். கையில் நட்டு இருந்தது. நட்டில் ஒரு பழுதும் இல்லை. எண்ணெய்ப் பளபளப்புக்கூடப் போகவில்லை. ஊஞ்சல் ஆட ஆட அது தானாகவே சுழன்று கழன்றிருக்கிறது.

"துருப்பிடிச்சு ஒட்டிக் கெடந்துச்சு, அண்ணே," என்றான் பெரியகருப்பன். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. "அதத் தொடாம இருந்தா அதுபாட்டுக்கு நின்னுருக்கும்."

ஞானதாஸ் அந்த நட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். பெரியகருப்பன் கொடுக்கவில்லை, ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போனான்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அந்த வயசுக்கும் உடம்புக்கும் இனி சேராது என்று சொல்லிவிட்டார்கள். ஞானதாஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். தன்னை அடிப்பார்கள், போலீசில் பிடித்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான். கிதர் முகம்மது வெளியே வந்தபோது அவன் காலில் விழப் போனான். அவர் தூக்கி நிறுத்தினார். அழுது கண் சிவந்திருந்தது.

"ஒங்க கை இருக்கிற இருப்புக்கு நாங்கல்ல யோசிச்சிருக்கணும்," என்றார். "ஒங்கள அதுல ஏத்தினது எங்க தப்பு."

அவ்வளவுதான். ஊரில் யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐயோ பாவம் என்றார்கள். அன்றிலிருந்து யாரும் கூப்பிடவும் இல்லை. முத்துப்பேச்சி வீட்டுக் கதவுகூடத் தொங்கிக்கொண்டு கிடந்தது; அவள் மகன் வேறு ஆளைக் கூட்டிவந்து சரிசெய்தான். அகரத்தில் விட்டுவந்த பையை ஞானதாஸ் திரும்பப் போய் எடுக்கவில்லை.

அடுப்பு எரிய வேண்டுமே. கிதர் முகம்மது ஆள் அனுப்பி, சவேரியம்மாளைத் தன் தோல்ஷாப்பில் ரோமம் அலசுகிற வேலைக்கு வரச் சொன்னார். அவள் போவதா வேண்டாமா என்று கணவனைக் கேட்டாள். அவன் எழுந்து வாசலுக்குப் போனான். அவள் போனாள். சாயங்காலம் அவள் மேலெல்லாம் சுண்ணாம்பும் தோலும் நாறிக்கொண்டு வருவாள். குளித்தாலும் அந்த நாற்றம் போகாது. அவள் வாங்கிவந்த அரிசியில் ஞானதாஸ் உலை வைத்தான். மகள் அருள்மேரி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அப்பா வைத்த வெஞ்சனத்தைக் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். அவள் குறை சொல்லியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்.

அவனை எல்லோரும் மன்னித்தது அந்தக் கைக்காக. கை இல்லாதவன், பாவம், என்ன செய்வான் என்று. ஆனால் மச்சில் உட்கார்ந்து நினைத்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தான். வேண்டுமென்று செய்யவில்லையே மகனே என்று சொல்லி, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அவன் முழங்காலில் நின்று சொன்னான். பாரம் இறங்கவில்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். ஜெய்தூன் பீவி ஞானதாசைக் கூட்டிவரச் சொன்னதாகச் சவேரியம்மாள் வந்து சொன்னாள். இரண்டு நாள் அவன் போகவில்லை. மூன்றாம் நாள் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

கூடத்தில் ஊஞ்சல் இருந்த இடத்தில் இரும்புக் கட்டில் கிடந்தது. தலைமாட்டில் சாய்மானத்தை ஏற்றி இறக்கப் பல்லும் கம்பியுமாகப் பெரியகருப்பன் செய்து கொடுத்திருந்தான். அந்தம்மா பாதியாக வற்றியிருந்தார். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாய்யா. இத்தன நாளு எங்க போயிட்டே? இந்தச் சாய்மானம் ஏத்தி எறக்கையில கத்துது. ஒரு சொட்டு எண்ணெய் விடேன்."

ஆரிபா எண்ணெய்க் கிண்ணத்தை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். ஞானதாஸ் அதைத் தொடவில்லை. பெரியகருப்பனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றான்.

"அவன் வந்தா வேலையப் பாத்துட்டுப் போயிருவான். எங்கிட்டப் பேசமாட்டான்," என்றார் அந்தம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, விழுந்ததை நினைத்து நீ குமைய வேண்டாம், இது எனக்கு எழுதி வைத்தது, அல்லா வைத்ததை நீ எப்படி நிறுத்துவாய் என்று சொன்னார். அவர் கை அவன் வலக்கையைத் தேடியது.

அந்தக் கை தொட்டதும் அவனால் தாங்க முடியவில்லை. ஆரிபா அடுப்படிக்குப் போயிருந்தாள். அவன் குனிந்து சொன்னான்.

"எனக்கு அன்னைக்கே சந்தேகம் இருந்துச்சும்மா. ரெண்டாவது நட்டு சரியா ஏறல. பெரியகருப்பனக் கூப்பிட நெனச்சேன். கையாலாகாதவன்னு நெனப்பாங்களேன்னு கூச்சமா இருந்துச்சு. ஆச்சுன்னு சொல்லிட்டேன்."

ஜெய்தூன் பீவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிவதற்கு நேரமாயிற்று. புரிந்தபோது அவர் கை மெதுவாகப் பின்னுக்குப் போனது.

"தெரிஞ்சுதானா?" என்று கேட்டார்.

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"இத ஏன் எங்கிட்டச் சொன்னே? அல்லா வச்சதுன்னு நெனச்சுப் படுத்துக் கெடந்தேன். இனி எதை நெனச்சுப் படுப்பேன்?"

இடுப்பை அசைக்க முடியாது. தலையை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஞானதாஸ் நின்றான். ஆரிபா தேத்தண்ணியோடு வந்தாள், மாமி தூங்கிவிட்டதாக நினைத்து, சத்தம் போடாமல் அவனிடம் கொடுத்தாள். அவன் அதைக் குடித்துவிட்டு வந்தான். குடிக்காமல் வரத் தெரியவில்லை.

வீட்டில் அவன் இதைச் சொல்லவில்லை. இனி சவேரியம்மாளின் வேலை போய்விடும் என்று எதிர்பார்த்தான். போகவில்லை. பெருநாளைக்குப் பிரியாணிகூட அந்த வீட்டிலிருந்து வந்தது. ஆகவே அந்தம்மா யாரிடமும் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டான். தன் மகனிடமும் சொல்லாமல் அதை வைத்துக்கொண்டு அந்தக் கட்டிலில் கிடக்கிறார் என்பதும் புரிந்தது. இறக்கி வைக்கப் போன பாரத்தை அசைய முடியாத ஒருத்தர் நெஞ்சில் ஏற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தவன் எழுந்திருக்கவில்லை. சோறு தீய்ந்துபோனது.

ஞானதாஸ் தினமும் பேகம்பூர்ப் பக்கம் நடந்துபோவான். பள்ளிவாசல் வரை போவான், திரும்பிவிடுவான். இன்னொரு தடவை கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தான். போய் என்ன சொல்வது என்று தெரியாது. காலடியில் உட்கார்ந்துவிட்டு வந்தால்கூடப் போதும். கூப்பிடவில்லை.

அறுபத்துமூன்றில், வெயில் காலத்தில் ஜெய்தூன் பீவி மவுத்தானார். தோல்ஷாப்பை மூடிவிட்டார்கள் என்று சவேரியம்மாள் வேலைக்குப் போனவள் உடனே திரும்பி வந்து சொன்னாள். ஞானதாஸ் போனான். வீட்டுக்குள் நுழைய மனசு வரவில்லை. எதிர்ப்பக்கத்து ஓரத்தில் நின்றான். உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி ஆட்கள் போனார்கள். கிதர் முகம்மது அவனைப் பார்த்துவிட்டார். தோளை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விட்டு விலகி அவனிடம் வந்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்," என்றார். "கடசி வரைக்கும் எங்கம்மா ஒங்களப் பத்தி ஒரு கொறை சொன்னதில்ல. ரெண்டு வருஷமா ஒங்க பேரையே எடுக்கல."

நல்லதைச் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் அவர் சொன்னார். ஞானதாஸ் சரி பாய் என்றான். வந்து ஒரு தோள் கொடுங்கள் என்று அவர் கூப்பிட்டார். அவன் வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு அங்கேயே நின்றான். அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, ஓடிப்போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். தெரு திரும்பியதும் சந்தூக் மறைந்துவிட்டது. பின்னால் போன சத்தமும் கொஞ்ச நேரத்தில் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஞானதாஸ் சில வருஷம் இருந்தான். அருள்மேரியைக் கீரனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் மாமனாரை வந்து இருக்கச் சொன்னபோது அவன் போகவில்லை. சவேரியம்மாள் தோல்ஷாப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடைசி நாட்களில் அவன் பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒருநாள் சவேரியம்மாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மனசில் என்னதான் வைத்திருக்கிறீர்கள், என்னிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டாள். அவள் கைகள் சுண்ணாம்பில் வெந்து வெளிறியிருந்தன. ஞானதாஸ் அந்தக் கைகளைப் பார்த்தான். ஒன்றும் இல்லை என்று சொல்லி, அவளுக்குத் தண்ணீர் காயவைக்க எழுந்து போனான்.